கதையை இழந்த இளவரசிகள்

(நூலகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தைகளைப் பற்றி ஏதேனும் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டபோது, குழந்தைப் பாடல்களையோ நீதிக் கதைகளையோ அவர்கள் மனத்தில் வைத்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமோ, பள்ளிப் பை, தண்ணீர் பாட்டில், பென்சில் பெட்டி, பிறந்தநாள் கேக் ஆகியவற்றின் மேல் நின்று ஓயாமல் புன்னகை புரிந்துகொண்டிருக்கிற சில ராஜகுமாரிகளைப் பற்றியது. வயது வந்தவர்கள் கூடியிருக்கும் சபையில் பேசத் தகுந்த விஷயந்தானா இது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், ஆண்டொன்றுக்குப் பல நூறு கோடி டாலர் புரளுகிற ஒரு வியாபாரம், மூன்று வயதுக் குழந்தையைத் தன் வாடிக்கையாளராக வரித்துக்கொண்டு, நீ எப்படிப்பட்டவள், எதற்கு ஆசைப்படத் தக்கவள் என்பதையெல்லாம் அந்தக் குழந்தைக்குப் போதிக்கத் தொடங்கிவிட்டால், அதைப் பற்றி ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து யோசிப்பது வீண் காரியம் ஆகாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த ராஜகுமாரிகள் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி கம்பெனி எடுத்த சித்திரப் படங்களில் பிறந்தவர்கள். மூத்தவள் ஸ்னோ ஒயிட். 1937-ஆம் ஆண்டு டிசம்பரில் அவள் திரைக்கு வந்தாள். 1950-இல் சிண்ட்ரெல்லாவும், 1959-இல் நெடுந்துயில் கொண்ட அரோராவும் அவளைத் தொடர்ந்தார்கள். பிறகு வெகு காலம் கழித்து, 1989-இல் கடற்கன்னி ஏரியல், 1991-இல் பெல், 1992-இல் ஜாஸ்மின், 1995-இல் போகஹான்டஸ், 1998-இல் மூலான் என்று வரிசையாக வந்தார்கள். படத்தோடு பண்டமும் விற்பது இந்தக் கம்பெனிக்குப் புதிய வித்தையன்று. மிக்கி மவுஸ் கைக்கடிகாரம் 1933-லேயே கடைக்கு வந்துவிட்டது. என்றாலும், நெடுங்காலமாக அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு படம் வெளியாகும்போது அந்தப் படத்தின் பொம்மைகளும் சட்டைகளும் விற்பனைக்கு வரும். படம் ஓய்ந்ததும் அவையும் ஓய்ந்துவிடும். அதாவது, கதை முன்னே நடக்க, பண்டம் அதன் பின்னே நடந்தது.

இந்த ஒழுங்கு மாறியது 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான். நைக்கி காலணிக் கம்பெனியில் பணியாற்றிவிட்டு, டிஸ்னியின் பண்ட விற்பனைப் பிரிவுக்குத் தலைவராக வந்த ஆண்டி மூனி என்பவர், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தில், டிஸ்னி பாத்திரங்கள் பனித்தரையில் சறுக்கி ஆடுகிற ஒரு காட்சியைப் பார்க்கப் போயிருந்தார். நுழைவுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, தம்மைச் சுற்றிலும் சின்னஞ்சிறு பெண்கள் தலை முதல் கால் வரை ராஜகுமாரி வேஷத்தில் நிற்பதைக் கண்டார். அவர்கள் உடுத்தியிருந்தவை டிஸ்னி விற்ற உடைகள் அல்ல. தாய்மார் ஏதேதோ துணிகளை ஒட்டியும் வெட்டியும் தைத்தவை. வேறொரு மனிதராக இருந்தால், இந்தக் குழந்தைகளின் கற்பனையையும் இந்தத் தாய்மாரின் கைத்திறனையும் வியந்துவிட்டுக் காட்சிக்குள் போயிருப்பார். மூனி ஒரு வியாபாரி; இத்தனை ஆசை கேட்பாரற்று வரிசையில் நிற்கிறதே என்று அவருக்குப் பட்டது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேசத்துக் கதைகளில் பிறந்த பெண்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 'டிஸ்னி பிரின்சஸ்' என்று ஒரே பெயர் சூட்டி, புதுப் படம் எதுவும் வெளியாகாத காலத்திலும் விற்கலாம் என்னும் திட்டம் அங்கே உருவாயிற்று. 2001-இல் 30 கோடி டாலராக இருந்த விற்பனை, 2006-இல் 300 கோடி டாலரை எட்டியது. அப்போது ராஜகுமாரிகளின் பெயரால் விற்கப்பட்ட பண்டங்கள் இருபத்தையாயிரத்துக்கு மேல் இருந்தன என்று அமெரிக்க எழுத்தாளர் பெக்கி ஓரன்ஸ்டைன் எழுதியிருக்கிறார். இவ்விஷயத்தைப் பற்றி 2011-இல் அவர் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார்.

இவ்வாறு சேர்ப்பதற்குக் கம்பெனிக்குள்ளேயே ஆட்சேபம் எழுந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. வால்ட் டிஸ்னியின் சகோதரர் மகனான ராய் டிஸ்னிக்கு, ஒரு கதையின் பாத்திரத்தை இன்னொரு கதையின் பாத்திரத்தோடு நிறுத்துவது பிடிக்கவில்லை. ஆகவே ஒரு சமாதானம் செய்துகொள்ளப்பட்டது. ராஜகுமாரிகள் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஆனால் ஒருத்தி மற்றொருத்தியின் முகத்தைப் பார்க்கக் கூடாது! உங்கள் வீட்டுக் குழந்தையின் பையில் நான்கைந்து ராஜகுமாரிகள் சேர்ந்து நிற்கும் படம் இருக்குமானால், இன்று வீடு திரும்பியதும் தயவுசெய்து அதைச் சற்று உற்றுப் பாருங்கள். தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். ஒருத்தியின் பாவாடை விளிம்பு மற்றவளின் பாவாடை மேல் படிந்திருக்கிறது. கண்களோ ஒன்று கிழக்கே, ஒன்று வடக்கே, ஒன்று நம்மை நோக்கி. பக்கத்தில் ஒரு தோழி நிற்கிறாள் என்கிற உணர்வே எவளுக்கும் இல்லை. நம் வீட்டுக் கொலுப் படியில் இருக்கும் மண் பொம்மைகள்கூட இவ்வளவு தனிமையில் இருப்பதில்லை. செட்டியார் தம் மளிகைக் கடையில் அரிசி பருப்புக் குவியல்களுக்கு நடுவே வியாபாரம் பார்க்கிறார், கல்யாணக் கோஷ்டியில் நாயனக்காரர் வாசிக்கத் தவில்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. பையின் மேல் நிற்கும் ராஜகுமாரிகளுக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

நான் சொல்ல வந்ததன் சாரம் இங்கேதான் இருக்கிறது. ராஜகுமாரிக் கதை ஒன்று. ராஜகுமாரிப் பண்டம் இன்னொன்று. கதையைப் பண்டமாக்கும்போது முதலில் கழற்றி எறியப்படுவது அந்தப் பெண் செய்த காரியம். எஞ்சுவது அவள் உடுத்திய உடை.

மூலானை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அவள் ராஜகுமாரியே அல்லள். அரச குலத்தில் பிறக்கவுமில்லை, அரசகுமாரனை மணக்கவுமில்லை. உடல் தளர்ந்த தந்தைக்குப் பதிலாகப் போருக்குப் போகத் துணிந்து, வாளால் தன் கூந்தலை அறுத்துக்கொண்டு, ஆண் வேஷத்தில் படையில் சேர்ந்து, எஞ்சியிருந்த ஒரே வெடிபாணத்தைப் பனிமலை மேல் ஏவி, எதிரிச் சேனையைச் சரிவில் புதைத்து, கடைசியில் சக்கரவர்த்தியே தலை வணங்கும்படி நின்றவள் அவள். அந்தப் படத்தின் தொடக்கத்தில் கல்யாணத் தரகியிடம் காட்டுவதற்காக அவளுக்கு முகப்பூச்சு பூசி, பட்டு உடுத்தி, இடுப்பை இறுக்கி அனுப்புகிறார்கள். அந்தக் கோலத்தில் அவள் படுகிற அவஸ்தைதான் கதையின் முதல் முடிச்சு. வீடு திரும்பியதும் அந்தப் பூச்சைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, நான் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். இப்படிப்பட்டவளைப் பண்டத்தின் மேல் அச்சிட வேண்டிய நேரம் வந்தபோது, கம்பெனியார் எந்த உடையைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? போர்க் கவசத்தை அல்ல; எதைத் துடைத்தெறிய அவள் துடித்தாளோ, பெரும்பாலும் அந்தத் தரகி வீட்டுப் பட்டுடையைத்தான்.

மெரிடாவின் கதை இன்னும் விசேஷமானது. 2012-இல் வெளியான 'பிரேவ்' படத்தின் நாயகி அவள். ஸ்காட்லாந்து தேசத்துப் பெண். அடங்காத செம்பட்டைச் சுருள் முடி, வட்ட முகம், கையில் வில். அவளை மணக்கப் போகிறவனைத் தேர்ந்தெடுக்க நடக்கும் வில் போட்டியில் தானே இறங்கி, தன் கைக்குத் தானே போட்டியிட்டு வெல்கிறவள். பிரெண்டா சாப்மன் என்னும் பெண் இயக்குநர் தம் சொந்த மகளை நினைத்து அந்தப் பாத்திரத்தைப் படைத்தார். பாதி வழியில் படம் அவர் கையிலிருந்து எடுக்கப்பட்டு வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டபோதிலும், இயக்குநர்களில் ஒருவராக ஆஸ்கர் விருதையும் பெற்றார். 2013 மே மாதத்தில் மெரிடாவை ராஜகுமாரிகளின் வரிசையில் சேர்த்து முடி சூட்ட ஏற்பாடாயிற்று. அதற்காக வரையப்பட்ட புதிய படத்தில் இடை மெலிந்திருந்தது. சட்டையின் கழுத்து இறங்கியிருந்தது. கலைந்த முடி படிந்து வாரப்பட்டிருந்தது. வில் காணாமற் போயிருந்தது. சாப்மன் பகிரங்கமாகவே கண்டித்தார். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆட்சேப மனுவில் கையெழுத்திட்டார்கள். கம்பெனியின் இணையதளத்தில் பழைய மெரிடாவே மீண்டும் காணப்பட்டாள். முடி சூட்டுவதற்கு விலையாக வில்லைக் கேட்கிற வரிசை எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு யாரும் விளக்கிக் காட்ட முடியாது, கம்பெனியாரே விளக்கிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே கம்பெனி 2018-இல் எடுத்த 'ரால்ஃப் பிரேக்ஸ் தி இன்டர்நெட்' என்னும் படத்தில், ராஜகுமாரிகள் அத்தனை பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, ஒருவரோடொருவர் கலகலவென்று பேசவிட்டு, பாரமான கவுன்களைக் களைந்து சாதாரணச் சட்டை அணிந்து இளைப்பாறும்படி செய்தார்கள். தங்களைத் தாங்களே பரிகசித்துக்கொள்ளும் அந்தக் காட்சி மிகவும் ரசமானது. குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள் என்று நானே சிபாரிசு செய்வேன். பரிகாசத்தையும் விற்கத் தெரிந்த வியாபாரிகள் அவர்கள் என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கதைகளிலேயே குறை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்னும் இரு மொழியியல் அறிஞர்கள் இந்தப் படங்களின் வசனத்தை எண்ணிப் பார்த்து 2016-இல் கண்டதைக் கேளுங்கள். சிண்ட்ரெல்லாவில் வசனத்தின் பெரும்பகுதியைப் பேசுவோர் பெண்கள். ஸ்னோ ஒயிட்டில் சரிபாதி. ஆனால் காலம் முன்னேறி, ராஜகுமாரிகள் துணிச்சல்காரிகள் என்று கொண்டாடப்பட்ட 1989 முதலான படங்களில், ஏரியலின் படத்தில் 68 சதவீதமும், மூலானின் படத்தில் 77 சதவீதமும், அலாவுதீன் படத்தில் 90 சதவீதமும் ஆண்களின் பேச்சே. நாயகி ஒருத்தியைத் தவிரக் கடைக்காரன், காவலாளி, வேடிக்கைத் தோழன், பறவை, விலங்கு எல்லாம் ஆண்பாலாகவே எழுதிவிட்டால் கணக்கு இப்படித்தான் வரும். மூலானைக் காட்டிலும் அவளுக்குத் துணையாக வரும் சின்ன டிராகன் அதிகம் பேசுகிறது! இதில் சதி ஒன்றும் இல்லை. யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்காமல் செய்வதுதான் வழக்கம் என்பதன் இலக்கணம்.

இனி இந்தப் பண்டங்களின் ரோஸ் நிறத்துக்கு வருவோம். ரோஸ் பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்பது ஏதோ சிருஷ்டி காலத்து நியதி என்று நினைப்பவர்கள், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக விளங்கிய ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1884-ஆம் ஆண்டுப் புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தை. தோள் வரை புரளும் கூந்தல், வெள்ளைக் கவுன், மடியில் இறகு வைத்த தொப்பி. அக்காலத்து மேல்நாட்டு வழக்கப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் குழந்தைப் பருவத்தில் அதுவே உடை. வெள்ளை என்றால் வெந்நீரில் போட்டு வெளுக்கலாம் என்கிற சௌகரியமும் அதற்கு ஒரு காரணம். உடை வரலாற்றை ஆராய்ந்த ஜோ பாவோலெட்டி எடுத்துக்காட்டுகிறபடி, 1918-இல் அமெரிக்கத் துணி வியாபாரப் பத்திரிகை ஒன்று, ரோஸ் அழுத்தமான நிறமாதலால் ஆண்பிள்ளைகளுக்கும், நீலம் மென்மையானதாதலால் பெண்பிள்ளைகளுக்கும் தகும் என்று எழுதிற்று. நிறங்கள் இடம் மாறியதற்கு இயற்கை பொறுப்பன்று.

பொம்மை விஷயத்திலும் சரித்திரம் நேர்கோட்டில் போகவில்லை. சியர்ஸ் என்னும் பெருங்கடையின் பழைய விலைப்பட்டியல்களை ஆராய்ந்த எலிசபெத் ஸ்வீட் என்ற சமூகவியலாளர், 1975-இல் ஆணுக்கென்றோ பெண்ணுக்கென்றோ வெளிப்படையாகக் குறிக்கப்பட்ட பொம்மைகள் நூற்றில் இரண்டுக்கும் குறைவு என்று காட்டியிருக்கிறார். பெண்கள் உரிமை இயக்கம் வீறுகொண்டிருந்த காலம் அது. பிறகு ஏன் சறுக்கல் ஏற்பட்டது? 1984-இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம், குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை நீக்கிவிட்டது. பொம்மையை விற்பதற்காகவே தொடர்கள் தயாராயின. இது ஆண்பிள்ளைத் தொடர், அது பெண்பிள்ளைத் தொடர் என்று கூறு போடுவது விளம்பரதாரருக்கு லாபமாயிற்று. அதே காலத்தில் பிறக்கப்போகும் சிசு ஆணா பெண்ணா என்று ஸ்கேன் கருவி முன்கூட்டியே சொல்லத் தொடங்கியதால், தொட்டில் முதல் ஜன்னல் திரை வரை நிறம் பார்த்து வாங்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. (அந்தக் கருவியை நம் நாட்டில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும், அதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்ற நேர்ந்ததையும் இந்தச் சபைக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.) வியாபாரத்தின் கணக்கு எளியது. அண்ணனின் சிவப்பு சைக்கிள் தங்கைக்கும் ஆகும் என்றால் வீட்டுக்கு ஒன்று விற்கும். தங்கையின் சைக்கிள் ரோஸ் நிறத்தில், கைப்பிடியில் குஞ்சலம் தொங்க, ராஜகுமாரி படத்தோடு இருந்தே தீர வேண்டும் என்று ஆக்கிவிட்டால் இரண்டு விற்கும்.

"குழந்தையே அழுது கேட்கிறதே, நாங்களா திணிக்கிறோம்?" என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, தான் பெண் என்பது தெரியும். என்றைக்கும் பெண்ணாகவே இருப்போம் என்பது உறுதிப்படாது. கூந்தலை வெட்டினால் பையனாகிவிடுவோமோ என்று மெய்யாகவே ஐயுறும் பருவம் அது. லாரன்ஸ் கோல்பர்க் என்னும் உளநூலார் 1966-லேயே இதை விளக்கினார். அந்த ஐயத்தை வெல்வதற்குக் குழந்தை வெளி அடையாளம் எதையாவது இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆசை குழந்தையுடையதுதான், பற்றிக்கொள்வதற்குக் கடையில் ஒரே ஒரு பொருளைத் தொங்கவிட்டிருப்பது மட்டும் பெரியவர்களின் காரியம்.

இதனால் விளையும் கேடு எவ்வளவு என்பதில், நியாயமாகப் பேச வேண்டுமானால், நான் கூச்சல் போடுவதற்கில்லை. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சாரா காய்ன், 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் சுமார் இருநூறு சிறு குழந்தைகளைக் கவனித்து, ராஜகுமாரிகளில் அதிகம் ஈடுபட்டவர்கள் ஓராண்டு கழித்துப் பெண்களுக்குரியவை என்று வகுக்கப்பட்ட விளையாட்டுகளிலும் நடத்தையிலும் அதிகம் நாட்டம் காட்டியதைக் கண்டார். ஆனால் அவரும் அவருடைய குழுவினரும் 2021-இல் வெளியிட்ட தொடர் ஆராய்ச்சியில், ஐந்தாண்டு கழித்து, அந்த ஈடுபாடு கொண்டிருந்த குழந்தைகள் பெண்களைப் பற்றிப் பரந்த நோக்கம் உடையவர்களாக இருந்தது தெரிந்தது. என் கட்சிக்கு இது விரோதமான சான்று என்று நான் கருதவில்லை. கதை விஷம் அல்ல என்பதற்கு இதைச் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு அதிகக் கவலை தருவது 2017-இல் 'சயன்ஸ்' இதழில் லின் பியான் முதலானோர் வெளியிட்ட ஆராய்ச்சி. மிக மிகப் புத்திசாலி ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அவர் யாராக இருப்பார் என்று கேட்டால், ஐந்து வயதில் பெண் குழந்தை ஒரு பெண்ணையும் ஆண் குழந்தை ஓர் ஆணையும் காட்டுகிறார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகள் தங்கள் பாலினத்தவரைக் காட்டுவது குறைந்துவிடுகிறது. மிகுந்த புத்திசாலிகளுக்கான விளையாட்டு இது என்று சொன்னால் ஆர்வமும் குறைகிறது. இந்தப் பழி முழுவதையும் ராஜகுமாரிகள் தலையில் சுமத்துவது அநியாயம். எனினும், அந்த வயதுப் பெண்ணுக்கு நாம் பரிசளிக்கும் பொருளெல்லாம் அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அறிவைப் பற்றி அவளிடம் யார் பேசுவது?

ஆண் குழந்தைகளின் நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. டிஸ்னியின் இன்னொரு படத்து நாயகியான பனிநாட்டு எல்சாவின் கதையைக் கேட்டு ரசித்த பையன், அவள் படம் போட்ட டிபன் பாக்ஸை வகுப்புக்கு எடுத்துச் சென்றால் என்ன பாடுபடுவான் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் குழந்தை வில்லைத் தொட்டால் வீரி என்கிறோம். ஆண் குழந்தை பொம்மையைத் தாலாட்டினால் முகம் சுளிக்கிறோம். தாலாட்டத் தெரியாமல் வளர்ந்தவன் பின்னாளில் தகப்பனானதும், குழந்தையை ஏந்தத் தெரியவில்லை என்று அவனையே குற்றம் சொல்கிறோம்.

சில இடங்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் டார்கெட் கடைகள் 2015-இல் பொம்மைப் பகுதியிலிருந்து ஆண், பெண் என்ற பலகைகளை அகற்றின. கலிபோர்னியா மாநிலத்தில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட பெருங்கடைகள், இரு பாலருக்கும் பொதுவான பொம்மைப் பகுதி ஒன்றை வைத்தே ஆக வேண்டும் என்னும் சட்டம் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் புத்தகங்களைப் பற்றியே ஓர் இயக்கம் எழுந்து, 'பையன்களுக்கான கதைகள்', 'சிறுமியருக்கான கதைகள்' என்று அட்டையில் அச்சிடப்பட்ட நூல்களுக்கு இனி மதிப்புரை எழுதுவதில்லை என்று 2014-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் இலக்கிய ஆசிரியை அறிவித்தார்.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னை இந்த நூலகத்தின் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. இங்கே குழந்தைகளுக்கென்று புதிய பிரிவு திறக்கப்போவதாக விழாவில் வாசித்த அறிக்கையில் சொன்னார்கள். நிர்வாகிகளிடம் எனக்கு உள்ள விண்ணப்பம் சிறியது. வண்ண விளக்கும் அலங்காரமும் எப்படி வேண்டுமானாலும் அமையட்டும். ஆனால் அலமாரிகளை ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துப் பெயர்ப் பலகை மாட்டாதீர்கள். கப்பலைப் பற்றிய புத்தகமும், நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகமும், ராஜகுமாரிக் கதைகளும் ஒரே தட்டில் இருக்கட்டும். எந்தக் கை எதை எடுக்கிறது என்று பார்த்துச் சிரிக்காமல், எடுத்த புத்தகத்தின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் யாரேனும் ஒரு பெரியவர் உட்கார்ந்து, ராஜகுமாரி ஒருத்தியின் கதையை அரைகுறையாக அல்லாமல் தொடக்கம் முதல் முடிவு வரை, இரு பாலாரும் கலந்திருக்கும் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டட்டும். அதற்கு ஆள் கிடைக்காத வாரங்களில் என்னை அழைத்தால் வருவதற்குச் சித்தமாயிருக்கிறேன்.